பத்து சதவீதம் என்றால் எதில் பத்து சதவீதம்? – தாம்பரம் ஏரிகளும் ஒரு சின்னக் கணக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

மழைக்காலம் வந்தால் பேப்பரிலும் டிவியிலும் தினமும் ஒரு வரி வரும், கவனிச்சிருப்பீங்க. செம்பரம்பாக்கம் ஏரியில் நீர் இருப்பு இத்தனை மில்லியன் கன அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. நாம பெரும்பாலும் "ஏரி நிரம்பிடுச்சா இல்லையா"ன்னு மட்டும் பார்த்துட்டு அடுத்த செய்திக்குப் போயிடுவோம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு முழுத் துறையே இருக்கிறது. சிஸ்டம் டைனமிக்ஸ் என்று சொல்வார்கள். 1950களில் அமெரிக்காவில் எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டர் என்பவர் ஆரம்பித்தது. முதலில் தொழிற்சாலைகளின் சரக்கு இருப்பு ஏன் ஏறி இறங்குகிறது என்று பார்த்தார். 1961இல் அதைப் புத்தகமாக எழுதினார். 1969இல் அதே முறையை வைத்து நகரங்களைப் பற்றி எழுதினார்.

அந்த முறையின் அடிப்படை ரொம்ப எளிது. உலகத்தில் இரண்டு வகை எண்கள் இருக்கின்றன. ஒன்று இருப்பு: ஏரியில் இருக்கும் தண்ணீர், பேங்க் கணக்கில் இருக்கும் பணம், ஒரு ஊரில் இருக்கும் மக்கள். இன்னொன்று ஓட்டம்: நாளுக்கு எவ்வளவு வருது, எவ்வளவு போகுது. இருப்பு நேரடியாக மாறாது. ஓட்டத்தின் வழியாக மட்டும்தான் மாறும். நம்ம ஊர் விவசாயிக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய் என்று அவர் வைத்திருக்கும் பெயர்களே இந்தக் கணக்குதான்.

இன்றைக்கு நான் பேசப் போவது இதில் ஒரு குறிப்பிட்ட கேள்வியைப் பற்றி. இரண்டு இருப்புகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஒன்று பத்து சதவீதம் மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும்? புதுசா மாடல் போட ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இது. தாம்பரம், முடிச்சூர், சிட்லபாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் வீடு வாங்கப் போற எல்லாருக்கும் தேவையான இடமும் இதுதான்.

எந்த இருப்பின் சதவீதம்?

முதல் விஷயம், சதவீதம் என்பது தனியாக நிற்காது. எதில் என்று கேட்கணும்.

செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதில் 2 சதவீதம் சுமார் 73 மில்லியன் கன அடி. அது கீழே இருக்கிற ஒரு சின்ன ஏரிக்குப் போகுது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏரியின் கொள்ளளவு 100 மில்லியன் கன அடி. மேல் ஏரிக்கு வெறும் 2 சதவீதம், கீழ் ஏரிக்கு அது 73 சதவீதம். மாடல் போடும்போது "இதில் 2 சதவீதம் குறையுது, அதில் 2 சதவீதம் கூடுது" என்று எழுதினால், நடுவில் தண்ணீர் காணாமல் போயிடும். அதனால் சதவீதத்தை முதலில் அளவாக மாற்றணும். நாளுக்கு இத்தனை மில்லியன் கன அடி. அந்த ஒரே எண்ணை இங்கே கழிக்கணும், அங்கே கூட்டணும். ஓட்டம் ஒன்று, முனைகள் இரண்டு.

இன்னொரு எண்ணையும் இப்படி மாற்றிப் பார்க்கலாம். 2015 டிசம்பர் முதல் தேதி இரவில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்டது உச்சத்தில் விநாடிக்கு சுமார் 29,000 கன அடி என்பது அரசு சொன்ன கணக்கு. ஒரு நாளில் 86,400 விநாடி. பெருக்கினால், அதே வேகத்தில் ஒரு முழு நாள் போனால் சுமார் 2,500 மில்லியன் கன அடி. அந்த ஏரியின் முழுக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரே நாளில். "29,000 கன அடி" என்று கேட்கும்போது வராத பயம் இந்தக் கணக்கைப் பார்த்தால் வரும்.

இருப்பைப் பொறுத்த ஓட்டம்

இரண்டாவது விஷயம். இயற்கையில் நிறைய ஓட்டங்கள் இருப்பைப் பொறுத்தே இருக்கும். நிறைய இருந்தால் நிறைய போகும், குறைந்தால் குறைவாகப் போகும். ஒரு ஏரியில் 100 பங்கு தண்ணீர். தினமும் இருப்பதில் 10 சதவீதம் வெளியே போகுது. முதல் நாள் முடிவில் 90, அடுத்த நாள் 81, அதற்கடுத்து 73. ஏறக்குறைய ஏழு நாளில் பாதி. இதுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: 70ஐ சதவீதத்தால் வகுத்தால் பாதியாகும் காலம் கிடைக்கும். பேங்க் வட்டியில் பணம் இரட்டிப்பாகிற கணக்கும் இதேதான்.

இந்த மாதிரி ஓட்டத்துக்குள் தானாகவே ஒரு பிரேக் இருக்கிறது. பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் 35 பங்கு மிச்சம் இருக்கும். இப்போது இதை ஒரு போர்வெல்லோடு ஒப்பிட்டுப் பாருங்க. நிலத்தடி நீர் இறங்குதே என்று மோட்டார் தன் வேகத்தைப் பெரிசாகக் குறைத்துக்கொள்ளாது. தண்ணீர் தொடுகிற வரைக்கும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் இழுக்கும். தினமும் 10 சதவீதம் இல்லை, தினமும் 10 பங்கு. பத்தாவது நாள் இருப்பு பூஜ்யம். "நேத்து வரைக்கும் வந்துச்சே, இன்னைக்குக் காத்துதான் வருது" என்று மே மாதம் அபார்ட்மென்ட்டில் பேசுவது இதனால்தான். சதவீத ஓட்டம் மெதுவாக எச்சரிக்கும். நிலையான ஓட்டம் எச்சரிக்காது.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கிட்டத்தட்ட வற்றிப் போனது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். வெள்ளத்தில் படகு விட்ட அதே நகரம், நான்கு வருஷம்கூட ஆகவில்லை.

இரண்டு ஏரி, ஒரே மழை

இப்போது இன்றைய முக்கியமான கணக்குக்கு வரலாம். நம்ம பக்கத்து ஏரிகள் தனித்தனி இல்லை, சங்கிலி. சிட்லபாக்கம் நிரம்பினால் செம்பாக்கம், பிறகு நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு கடல். மேற்கே, தாம்பரத்தின் அந்தப் பக்கம், ஆதனூர், மண்ணிவாக்கம் பகுதி ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் இறங்கி வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகப் போகும். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சொல்வது சும்மா இல்லை.

சங்கிலியில் இரண்டே இரண்டு ஏரியை எடுத்துக்கொள்வோம். மேல் ஏரியில் ஒரு பெருமழையால் 100 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டது, மழை நின்றுவிட்டது. கீழ் ஏரியில் எதுவும் இல்லை. இரண்டிலிருந்தும் தினமும் அதனதன் இருப்பில் 10 சதவீதம் வெளியே போகும். மேல் ஏரியின் போக்கு, கீழ் ஏரிக்கு வரத்து.

முதல் நாள்: மேலே 90, கீழே 10. இரண்டாம் நாள்: மேலே 81, கீழே 18. மூன்றாம் நாள் கீழே 24. இப்படியே ஏறிக்கொண்டே போய், ஒன்பதாம், பத்தாம் நாள் வாக்கில் கீழ் ஏரி உச்சத்தைத் தொடும். உச்சம் எவ்வளவு? 39 பங்குகூட இல்லை. அதுக்கப்புறம் இறங்க ஆரம்பிக்கும்.

கவனிச்சீங்களா, மழை நின்று ஒன்பது நாள் கழித்துத்தான் கீழே உச்சம். அதுவும் மொத்தத் தண்ணீரில் ஐந்தில் இரண்டு பங்குதான் ஒரே நேரத்தில் அங்கே நிற்கிறது. அந்த உச்சம் எப்போது வருது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வரத்தும் போக்கும் சமமாகும் நொடியில்தான் எந்த இருப்பும் உச்சத்தில் இருக்கும். இங்கே இரண்டு ஏரிக்கும் ஒரே 10 சதவீதம் என்பதால், இரண்டின் இருப்பும் சமமாகும்போது அது நடக்கும்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றலாம். மேல் ஏரியின் வாய்க்கால் அகலமாகிவிட்டது, சுற்றி இருந்த வயல் சிமென்ட் ஆகிவிட்டது, ஏரியில் பாதி வீட்டு மனை ஆகிவிட்டது. அதனால் தினமும் 10 சதவீதம் போன இடத்தில் 50 சதவீதம் போகுது. மழை அதே 100தான். கீழ் ஏரி அதே ஏரிதான். என்ன ஆகும்?

முதல் நாளே கீழே 50. இரண்டாம் நாள் 70. மூன்றாம் நாள் 75க்கு மேல். அங்கேதான் உச்சம். முன்பு ஒன்பதாம் நாள் 39 ஆக இருந்தது, இப்போது மூன்றாம் நாள் 75. தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. உச்சம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, வந்து சேரும் நேரம் மூன்றில் ஒரு பங்கு. கீழ் ஏரியின் கரை 50 பங்கு தாங்கும் என்றால், பழைய கணக்கில் அந்த ஊர் தூங்கலாம். புதிய கணக்கில் இரண்டாம் நாளே கரை மேல் தண்ணீர்.

எபிசோடை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, எக்செல்லில் இரண்டு காலம் போட்டு இதை நீங்களே செஞ்சு பாருங்க. பத்து நிமிஷ வேலை. நம்பிக்கை அப்போதான் வரும்.

2015ஐ இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால்

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கத்தில் 47. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக நடந்த விவாதம் முழுவதும் செம்பரம்பாக்கம் மதகை எப்போது திறந்தார்கள், ஏன் முன்னாடியே திறக்கவில்லை என்பதைச் சுற்றித்தான். நியாயமான விவாதம். சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை மக்களுக்கு அதுதான் கேள்வி.

ஆனால் வரைபடத்தைப் பாருங்க. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது குன்றத்தூர், திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் ஆரம்பப் பகுதியில் இருக்கின்றன. அங்கே வீட்டுக்குள் வந்த தண்ணீர் முக்கியமாக மேலேயுள்ள சின்னச் சின்ன ஏரிகளின் உபரி நீர். அங்கே திறக்க வேண்டிய பெரிய மதகு எதுவும் இல்லை, கலங்கல்தான். ஏரி நிரம்பினால் தானாக வழியும். யாரும் உத்தரவு போட வேண்டாம். அந்த ஊர்களைப் பொறுத்தவரை கேள்வி "யார் திறந்தது?" என்பது இல்லை. "மேலே இருக்கிற ஏரிகளின் அந்தச் சதவீதத்தை யார், எத்தனை வருஷமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள்?" என்பதுதான். அதுக்கு ஒரு ராத்திரியோ ஒரு அதிகாரியோ பதில் இல்லை. நம்ம எல்லாருடைய பட்டாவும் அதில் இருக்கலாம்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நம்ம தெருவில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று மழைநீர் வடிகால் கேட்கிறோம். நியாயம்தான். ஆனால் நம்ம தெருவிலிருந்து வேகமாகப் போகிற தண்ணீர், கீழே இருக்கிறவருக்கு வேகமாகப் போய்ச் சேரும். வடிகால் தண்ணீரை அழிப்பதில்லை, அந்தச் சதவீதத்தை உயர்த்துகிறது. கூடவே இடையில் ஒரு இருப்பையும் உண்டாக்கணும்: தூர்வாரிய ஏரி, குளம், உறிஞ்சு குழி. இல்லையென்றால் ஒரு வார்டின் நிம்மதி அடுத்த வார்டின் வெள்ளம்.

சதவீதம் எங்கே பொய் சொல்லும்

ஒரு எச்சரிக்கை. "இருப்பில் இத்தனை சதவீதம்" என்பது முதல் தோராயம்தான். கலங்கலை யோசிச்சுப் பாருங்க. தண்ணீர் அதன் மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை வழிவது பூஜ்யம். மேலே போனதும் உயரத்தின் விகிதத்தில் கூடாது, அதைவிட வேகமாகக் கூடும். கலங்கல் மேல் ஒரு அடி வழிவதற்கும் இரண்டு அடி வழிவதற்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு இல்லை, சுமார் 2.8 மடங்கு. நான்கு அடி என்றால் எட்டு மடங்கு. "போன தடவை இவ்வளவு மழைக்கு முழங்கால் வரை வந்தது, இந்தத் தடவை கொஞ்சம்தானே அதிகம்" என்று சொல்லிக்கொண்டு கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1884இல் சென்னை மாகாண ஏரிகளுக்காக ரைவ்ஸ் என்ற இன்ஜினியர் ஒரு சூத்திரம் கொடுத்தார். இன்றும் சிவில் மாணவர்கள் படிக்கிறார்கள். நீர்ப்பிடிப்புப் பரப்பு எட்டு மடங்கானால் உச்ச வெள்ளம் எட்டு மடங்காகாது, நான்கு மடங்குதான் என்கிறது அது. பெரிய பரப்பில் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு மழை பெய்யாது. பெய்த தண்ணீரும் ஒரே நேரத்தில் வந்து சேராது. வழியில் இருக்கிற ஏரிகளும் வயல்களும் அதைப் பிடித்து வைக்கும். அந்தப் பிடிமானத்தை எடுத்துவிட்டால் அந்தச் சலுகையும் கரைய ஆரம்பிக்கும்.

"ரெண்டும் அஞ்சு சதவீதம்தானே?"

கடைசியாக, தண்ணீரை விட்டு வேறு ஒரு ஜோடி. ஒரு பகுதியின் மக்கள்தொகை, அந்தப் பகுதியின் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை வசதி. தாம்பரம் நகராட்சிக்கு 2011 கணக்கெடுப்பில் 1,74,787 பேர். 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி ஆனது. ஊர் வளர்ந்தது எல்லாருக்கும் தெரியும்.

மாடல் போடுகிற ஒருவர் சொல்வார், "மக்கள் 5 சதவீதம் கூடினால் குழாயும் 5 சதவீதம் கூடும்னு ஒரு கோடு போட்டு இணைச்சிடலாம்." போடக் கூடாது. குழாய் ஒரு இருப்பு. அது மக்கள்தொகையைப் பார்த்த உடனே குதிக்காது. திட்டம், டெண்டர், ரோடு வெட்டுறது, எல்லாம் ஓட்டம். சரியாக எழுதணும்னா: ஒவ்வொரு வருஷமும் சேரும் வசதி, பற்றாக்குறையைத் தாமத காலத்தால் வகுத்தது.

ஒரு உதாரணத்துக்கு எண் போடுவோம். மக்கள்தொகை வருஷம் 5 சதவீதம் வளர்கிறது. பற்றாக்குறையை நிரப்ப ஆகும் தாமதம் நான்கு வருஷம். சில காலம் ஓடவிட்டால், குழாய் வசதியும் வருஷம் 5 சதவீதம் வளர ஆரம்பிக்கும். அறிக்கையில் பார்த்தால் ரெண்டும் சமம், பிரமாதம். ஆனால் வசதி தேவையில் 83 சதவீதத்திலேயே நிற்கும். ஒருபோதும் எட்டிப் பிடிக்காது. தாமதம் பத்து வருஷமானால் 67 சதவீதம். வளர்ச்சி விகிதம் சமமாக இருப்பதும், பற்றாக்குறை நிரந்தரமாக இருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். மக்கள்தொகை கூடக் கூட, அந்த 17 சதவீதத்துக்குள் இருக்கிற மனிதர்களின் எண்ணிக்கையும் வருஷம் 5 சதவீதம் கூடும். டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் வரிசை அவர்கள்தான்.

இதைச் சரிசெய்ய வழி இரண்டு. ஒன்று தாமதத்தைக் குறைப்பது. இன்னொன்று இன்றைய பற்றாக்குறையைப் பார்க்காமல், நான்கு வருஷம் கழித்து வரப்போகிற தேவையைப் பார்த்து இன்றே கட்டுவது. "வளர்ச்சி விகிதத்தை அதிகரிப்போம்" என்ற அறிவிப்பு இந்த இரண்டில் ஒன்றைச் செய்யாவிட்டால் வெறும் அறிவிப்புதான்.

வீடு பார்க்கப் போறவங்க மூன்று கேள்வி எடுத்துட்டுப் போங்க. இந்த மனைக்கு மேலே எந்த ஏரி, அதன் கலங்கல் எங்கே இருக்கு? அதிலிருந்து வரும் போக்குக் கால்வாய் இன்னும் இருக்கா, எது வழியாகப் போகுது? கீழே தண்ணீரை வாங்கிக்கொள்ள என்ன மிச்சம் இருக்கு? பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 1,248 ஹெக்டேர். அந்தச் சங்கிலியின் கடைசி இருப்பு அது. அதில் குறைகிற ஒவ்வொரு ஹெக்டேரும் மேலே இருக்கும் ஏரிகளின் கணக்கையும் மாற்றும். லேக் வியூ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், ஏரி உங்களைப் பார்க்க வரும் நாளையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்க.

எக்செல் கணக்கை முயற்சி பண்றவங்க, மேல் ஏரிக்கு 20, 30, 40 சதவீதம் போட்டு, கீழே உச்சம் எந்த நாளில் வருதுன்னு ஒரு கோடு வரைஞ்சு அனுப்புங்க. நடுவில் மூன்றாவதாக ஒரு ஏரியைச் சேர்த்தால் என்ன ஆகுதுன்னும் பாருங்க. அடுத்த எபிசோடை அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.